எங்கள் நாடக மன்றத்துக்கு வந்த இயற்பியல் மேடம்

எங்கள் கல்லூரியில் நாடக மன்றம் என்ற ஒன்று, ஆண்டுதோறும் தருகிற கல்லூரி நாட்காட்டியில் மட்டும்தான் இருந்தது. தமிழ் மன்றத்துக்கும் நுகர்வோர் மன்றத்துக்கும் நடுவில் ஒரு வரியாக அச்சாகியிருக்கும். பொறுப்பாசிரியர் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு. நான் வரலாறு இரண்டாம் ஆண்டு படித்தபோது, நாங்கள் சிலர் சேர்ந்து அந்த மன்றத்துக்கு உயிர் கொடுக்கலாம் என்று கிளம்பினோம்.

முன்னால் நின்றவன் உப்பூரிலிருந்து வந்த ஒரு வணிகவியல் மாணவன். யாரை ஒருமுறை பார்த்தாலும் அவரைப் போலவே நடந்து, பேசி, இருமிக் காட்டுவான். நான் அபிராமம் பக்கத்துக் கிராமத்துப் பெண். எங்கள் வீட்டில் நெல்லையும் மிளகாயையும் தாண்டிப் பேச்சு போவது அபூர்வம். எனக்கு நடிப்பு வருமா என்றெல்லாம் தெரியாது. பேச வரும், அவ்வளவுதான்.

முதல்வர் ஒரே விதியைச் சொன்னார். "பொறுப்பாசிரியர் இல்லாம மன்றம் கிடையாது. யாராச்சும் ஒருத்தர ஒத்துக்க வச்சுட்டு வாங்க."

தமிழ்த்துறை ஐயாவுக்கு ஏற்கெனவே தமிழ் மன்றம் இருந்தது. ஆங்கிலத்துறையில் தேர்வு வேலை என்றார்கள். எங்கள் துறைத் தலைவர், "படிக்கிற வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். ஒவ்வொரு துறையாக ஏறி இறங்கிக் கடைசியில் இயற்பியல் துறைக்குப் போனோம். அங்கே ஓர் உதவிப் பேராசிரியை, மதுரைப் பக்கத்துக்காரர், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அதிகம் சிரிக்காதவர் என்று பெயர்.

"எனக்கு நாடகத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றார். "ஸ்கூல்ல ஒரே ஒரு தடவ மேடை ஏறியிருக்கேன். மரமா நின்னேன்."

உப்பூர்ப் பையன் சமாளித்தான். "பரவால்ல மேடம். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "கையெழுத்து மட்டும் போடுறதுக்கு நான் வர மாட்டேன். அதே மாதிரி, எப்படி நடிக்கணும்னும் சொல்ல மாட்டேன், ஏன்னா எனக்குத் தெரியாது. இது ரெண்டுக்கும் நடுவுல எனக்கு என்ன வேல இருக்குன்னு போகப் போகப் பாப்போம்."

அந்தப் பதில் எங்களுக்குப் பிடிபடவில்லை. வெளியே வந்ததும் பையன், "ஏலே, ஆள் கெடச்சாச்சு, அது போதும்" என்று தன் கூட்டாளியின் முதுகில் தட்டினான்.

முதல் கூட்டத்துக்கு அவர் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தோம். "என்னை எதுக்குப் பாக்குறீங்க? உங்க மன்றம்தானே?" என்றார். பிறகு, தலைவர் யார், செயலாளர் யார் என்று கேட்டார். அதையெல்லாம் நாங்கள் யோசிக்கவே இல்லை. அங்கேயே கைதூக்கித் தேர்ந்தெடுத்தோம். பையன் தலைவன் ஆனான். அதிகம் பேசியதால் நான் செயலாளர் ஆனேன்.

ஒத்திகை எப்போது என்ற பேச்சு வந்ததும் பையன்கள், "நாலு மணிக்கு மேலதான், காலேஜ் விட்டதும்" என்றார்கள். பின்னாலிருந்து மேடம் கேட்டார். "பொம்பளப் பிள்ளைக எத்தன மணிக்கு பஸ் ஏறணும்?"

நான்தான் சொன்னேன். நாலரை வண்டியை விட்டால் அபிராமத்துக்கு அடுத்த வண்டி இருட்டியபிறகுதான். சாயல்குடிப் பக்கம் போகிற பெண்களுக்கு அதைவிட மோசம்.

"அப்ப நாலு மணி ஒத்திகைன்னா அது ஆம்பளப் பிள்ளைக நாடகம்தான்" என்றார் மேடம். வேறொன்றும் சொல்லவில்லை. பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒத்திகை மதிய இடைவேளைக்கு மாறியது. கருத்தரங்கக் கூடத்தின் சாவியைத் தினமும் அலுவலகத்திலிருந்து வாங்கி வருவதை மேடம் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். தன் சாப்பாட்டு டப்பாவையும் சாவியையும் ஒரே கையில் பிடித்தபடி அவர் வராந்தாவில் வேகமாக வருவது இப்போதும் என் கண்ணில் இருக்கிறது.

எங்கள் அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அய்யாவுக்கு நாடகம் என்ற சொல்லே ஆகவில்லை. மன்றத்தின் பொறுப்பாசிரியர் எண்ணை என்னிடம் வாங்கி அவரே கூப்பிட்டுவிட்டார். எதிரில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"டீச்சர், நாங்க வெவசாயம் பாக்குற ஆளுக. பொம்பளப் பிள்ளைய நாடகம் அது இதுன்னு விட்டா ஊருல ஒரு மாதிரி பேசுவாக."

கைபேசியின் ஒலிபெருக்கியில் மேடத்தின் குரல் கேட்டது. கெஞ்சவும் இல்லை, அறிவுரையும் இல்லை. "நீங்க வேணாம்னா வேணாம்தான்யா. ஆனா அவளத்தான் செயலாளரா மத்த பிள்ளைக தேர்ந்தெடுத்துருக்காக. ஒத்திக எல்லாம் மத்தியானம்தான். எந்த பஸ்ஸுல ஏத்திவிடணும்னு மட்டும் சொல்லுங்க. அந்த பஸ்ஸுல அவ இருப்பா."

அய்யா, "நாலரை வண்டி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "செயலாளர்னா என்ன வேலை?" என்று கேட்டார். அது அனுமதி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கல்லூரி நாள் விழாவுக்கு எங்களுக்கு அரைமணி நேரம் கொடுத்திருந்தார்கள். எதைப் பற்றி நாடகம் போடுவது என்று கூட்டம் கூடினோம். ஒருவன் ராஜா கதை என்றான். இன்னொருத்தி கைபேசி மோகம் என்றாள். எல்லாம் எங்கோ பார்த்ததாகவே இருந்தது. கடலோர மாரியூரிலிருந்து வந்த ஒரு பெண், விலங்கியல் மாணவி, அதுவரை வாயே திறக்காதவள், திடீரென்று சொன்னாள்.

"நான் இந்தக் காலேஜுல தண்ணியே குடிக்க மாட்டேன்."

"ஏன், உப்பா இருக்கா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"குடிச்சாப் போகணும்ல. போனா அங்கன தண்ணி இருக்காது."

பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனால் எங்களுக்குள் மட்டும் பேசுகிற விஷயம். பெண்கள் கழிப்பறையில் காலை முதல் வகுப்பு முடிவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். மோட்டார் எப்போதும் பழுது. பாதிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. விடிவதற்குமுன் வீட்டைவிட்டுக் கிளம்பி, பொழுது சாய்ந்து வீடு திரும்புகிற பெண்கள் அத்தனை நேரமும் அடக்கிக்கொண்டிருந்தார்கள். மாரியூர்ப் பெண்ணின் வகுப்புத் தோழி ஒருத்தி அதனாலேயே காய்ச்சல் வந்து, மருத்துவமனையில் படுத்து, அந்தப் பருவத் தேர்வை எழுதாமல் போனாள்.

உப்பூர்ப் பையனின் முகத்தில் இருந்த விளையாட்டெல்லாம் போய்விட்டது. "நெசமாவா? எங்களுக்குத் தெரியவே தெரியாதே."

"நாங்க சொன்னாத்தானே" என்றாள் மாரியூர்ப் பெண்.

கடைசி பெஞ்சிலிருந்து மேடம் எழுந்து நின்றார். "எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார். "எங்க ஸ்டாஃப் ரூமுக்குத் தனியா இருக்கு, பூட்டு சாவியோட. நான் இங்க வந்த நாள்ல இருந்து அதத்தான் பயன்படுத்துறேன். உங்களுக்கு எப்படி இருக்குன்னு ஒருநாளும் போய்ப் பாத்ததில்ல." ஒரு ஆசிரியர் மாணவர்கள் முன்னால் அப்படிச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

நாடகம் அதுதான் என்று முடிவாகிவிட்டது போல எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். மேடம் கையை உயர்த்தினார், எங்களைப் போலவே அனுமதி கேட்டு.

"என் கருத்தச் சொல்றேன். மொதல்ல முதல்வர்கிட்ட நேரா போய்ச் சொல்லணும். சொல்லாம மேடையில வச்சு விருந்தாளிக முன்னாடி காட்டுனா, அது அவர அவமானப்படுத்துறது. எனக்கு அது சரியாப் படல."

"போன வருசம் சீனியர் அக்காக்க மனு குடுத்தாக மேடம்," என்றேன் நான். "ஒண்ணும் நடக்கல."

"திரும்பக் குடுக்கலாம். நான் கூட வாரேன்."

வாக்குவாதம் நடந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்று இன்று தோன்றுகிறது. அன்று எங்களுக்குக் காது கேட்கவில்லை. கைதூக்கச் சொன்னான் தலைவன். எல்லாக் கைகளும் நாடகத்துக்கே எழுந்தன. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க கைதூக்கல மேடம்" என்றான் ஒருவன்.

"எனக்கு ஓட்டுக் கிடையாதுப்பா. கருத்து மட்டும்தான், அதச் சொல்லியாச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "சரி, நாடகம்னு மன்றம் முடிவு பண்ணிருச்சு. இனி நான் உங்க பக்கம். ஒண்ணே ஒண்ணு. நான் யார்கிட்டயும் எதையும் மறைக்க மாட்டேன். முதல்வர் கேட்டா உள்ளதச் சொல்வேன். அதுக்குச் சம்மதமா?"

சம்மதம் என்றோம். வேறென்ன சொல்வது?

நாடகத்தை நாங்களே எழுதினோம். கையில் காலி வாளியோடு ஒரு மாணவி கல்லூரி முழுக்கத் தண்ணீர் தேடி அலைகிறாள். ஒவ்வொரு அறையிலும் அடுத்த அறைக்குப் போகச் சொல்கிறார்கள். நூலகத்தில், "தண்ணி பத்தின புத்தகம் வேணா இருக்கு" என்கிறார்கள். வேதியியல் ஆய்வகத்தில், "எச்.டூ.ஓ.தானே, செய்முறைத் தேர்வுல வரும்" என்கிறார்கள். மாணவி வேடம் மாரியூர்ப் பெண்ணுக்கு. நான் மீசை வைத்த அலுவலக எழுத்தர். முதல்வர் வேடம் உப்பூர்ப் பையனுக்கு. எங்கள் முதல்வருக்குப் பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற பழக்கம். பையன் அதைப் பிடித்துக்கொண்டான். அவன் துடைக்க ஆரம்பித்தாலே நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

மேடம் ஒத்திகை முழுக்க மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டபடி பார்ப்பார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் வாட்ஸப் குழுவிலும் இருந்தார். அதில் அவர் போடுவது பேருந்து நேரமும், "நாளை கூடம் கிடைக்காது, வேதியியல் வகுப்பறைக்கு வரவும்" என்பது மாதிரிச் செய்திகளும்தான்.

ஒரே ஒருமுறை வாய் திறந்தார். எங்கள் காவலாளி அண்ணனுக்கு ஒரு கால் சற்றே இழுக்கும். ஒரு பையன் அதை அப்படியே நடந்து காட்டினான். நாங்கள் சிரித்தோம்.

"முதல்வரக் கிண்டல் பண்றீங்க, சரி. அவரு பெரிய நாற்காலியில இருக்காரு, தாங்கிக்குவாரு" என்றார் மேடம். "வாட்ச்மேன் அண்ணன் உங்கள என்ன பண்ணுனாரு? இது உங்க நாடகம், முடிவு உங்களது. ஆனா அந்த நடைய வச்சு மேடை ஏறினா, அன்னைக்கு நான் கூட்டத்துல இருக்க மாட்டேன்."

அந்தப் பையனே முகம் சிவந்து, "எடுத்துருவோம்" என்றான். அதற்குக் கைதூக்கல் தேவைப்படவில்லை.

விழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது விஷயம் முதல்வர் காதுக்குப் போய்விட்டது. மேடத்தையும் செயலாளரையும் வரச் சொன்னார்கள். நான் மேடத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"என்ன மேடம் இது?" முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வரப் பார்த்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். "வெளியூர்ல இருந்து சிறப்பு விருந்தினர் வாராங்க. பெற்றோர் வாராங்க. அவங்க முன்னாடி கக்கூஸப் பத்தி நாடகமா?"

"நேரா உங்ககிட்டச் சொல்லலாம்னுதான் சார் நான் சொன்னேன். பிள்ளைங்க கூடிப் பேசி வேற முடிவு எடுத்தாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஆனா மன்றத்தோட முடிவு அது. அதுக்கு நான் பொறுப்பு."

"நீங்க பொறுப்பாசிரியரா, இல்ல அவங்களுக்கு வக்கீலா?"

"பொறுப்பாசிரியர்தான் சார். அவங்க சொல்றது பொய்யா இருந்தா இப்பவே நானே நிறுத்திருவேன். பொய்யான்னு நீங்க ஒருதடவ பாத்துட்டுச் சொல்லுங்க."

"நிறுத்துங்க. அதுக்குப் பதிலா ஒரு டான்ஸ் போட்டுக்கலாம்."

மேடம் மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்தபடி நின்றார். "நிறுத்தணும்னா நீங்களே மன்றத்துக்கு வந்து பிள்ளைங்ககிட்டச் சொல்லுங்க சார். நாளைக்கு மத்தியானம் ஒத்திகை. பாத்துட்டுச் சொல்லுங்க. அதுக்கப்புறம் நீங்க வேணாம்னா அவங்க கேப்பாங்க, நானும் கேப்பேன். பாக்காம வேணாம்னு என் வாயால என்னால சொல்ல முடியாது."

முதல்வர் கோபக்காரர் என்று எல்லோருக்கும் தெரியும். "நீங்க போகலாம்" என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் மேடம் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றார். பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகித் திருகிப் பார்த்தார், திறக்க வரவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

"பயமா இருந்துச்சா மேடம்?"

"பின்ன?" என்றார். "இந்த வேலை கெடைக்க எத்தன வருசம் காத்துருந்தேன் தெரியுமா?" ஒரு வாய் குடித்தார். பிறகு, "பிள்ளைககிட்ட நடந்தத அப்படியே சொல்லு. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்" என்றார்.

மறுநாள் மதியம் முதல்வர் வந்தார். உண்மையிலேயே வருவார் என்று எங்களில் யாரும் நம்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தார். உப்பூர்ப் பையன் என்னிடம் ஓடி வந்து, "கண்ணாடிய வைக்கவா, வேணாமா?" என்று கிசுகிசுத்தான். இருவரும் மேடத்தைப் பார்த்தோம். அவர் வேண்டுமென்றே சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "வைப்போம்ல" என்றான் பையன், தனக்குத்தானே.

ஆரம்பித்தோம். நூலகக் காட்சிக்கு முதல்வர் அசையவில்லை. வேதியியல் ஆய்வகக் காட்சிக்கு அவர் மீசை லேசாகத் துடித்தது. முதல்வர் அறைக் காட்சி வந்தது. பையன் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையை எடுத்து, நிதானமாகத் துடைக்கத் தொடங்கினான். அதே நொடியில் எதிரே உட்கார்ந்திருந்த முதல்வரும் பழக்கதோஷத்தில் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார், நிமிர்ந்து பையனைப் பார்த்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம், பயம் போன சிரிப்பு.

கடைசிக் காட்சியில் மாரியூர்ப் பெண் காலி வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பேச வேண்டும். "விடியக் கருக்கல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிச்சேன். இனி வீட்டுக்குப் போயிதான் அடுத்தது. நாக்கு ஒட்டிக்கிட்டு வகுப்புல உக்காந்துருக்கேன். சார் நடத்துற பாடம் காதுல விழுது, மண்டையில ஏறல." கடல் காற்றுக்கு எதிராகப் பேசிப் பழகிய குரல். கூடத்தின் கடைசிச் சுவர்வரை போயிற்று.

முதல்வரின் சிரிப்பு நின்றுவிட்டது. "இது வசனமா, நெசமா?" என்று அவளிடம் கேட்டார்.

"நெசம்தான் சார்."

அவர் எழுந்தார். மேடத்திடம் உள்ளே யாரும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தானே பெண்கள் கழிப்பறைக்குப் போனார். நாங்கள் தூரத்தில் நின்றோம். அவர் வெளியே வந்தபோது, தேங்கிக் கிடந்த அழுக்கில் முழுக்கால்சட்டையின் ஓரம் நனைந்திருந்தது. நேராக எங்களிடம் வந்து, "எனக்கு ஒரு வாரம் குடுங்க" என்றார். கோபம் இருந்தது, ஆனால் எங்கள்மேல் இல்லை.

அந்த வாரத்திலேயே மோட்டார் சரியானது. கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வந்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான், வாயில் வைக்க முடியாத உப்பு, ஆனால் சாயங்காலம்வரை குழாயில் வந்தது. முதல்முறை அது மாலையில் வந்தபோது மாரியூர்ப் பெண் குழாயைத் திறந்து கையை நனைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். முகத்தில் பெரிய மகிழ்ச்சியெல்லாம் இல்லை. "இம்புட்டுத்தான், இதுக்குத்தான் அவ பரீட்சை போச்சு" என்றாள்.

இப்போது எங்களுக்குள் புதுச் சண்டை. தண்ணீர்தான் வந்துவிட்டதே, நாடகம் எதற்கு என்றார்கள் பாதிப்பேர். உழைப்பு வீணா என்றார்கள் மீதிப்பேர். மேடத்திடம் கேட்டோம். இந்த முறை அவர் கருத்துக்கூடச் சொல்லவில்லை, ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீங்க தண்ணிக்காக நாடகம் போட்டீங்களா, கைதட்டலுக்காகவா? ரெண்டும் தப்பில்ல. எதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா, முடிவு தன்னால வந்துரும்."

நீண்ட நேரம் பேசினோம். மாரியூர்ப் பெண்தான் முடித்துவைத்தாள். "போடுவோம். மோட்டாரு மறுபடி ரிப்பேராகத்தான் செய்யும். அப்ப இங்கன படிக்கிற பிள்ளைக வாயத் தொறந்து கேக்கணும்ல? இதப் பாத்தாத்தானே கேக்கலாம்னு தோணும்."

தலைவனும் நானும் முதல்வரிடம் போய்ச் சொன்னோம், மேடம் இல்லாமல். முடிவில் வாளி நிறைவது போல ஒரு காட்சி சேர்த்துக்கொள்கிறோம் என்றோம். அவர் யோசித்தார். "கண்ணாடி இருக்கட்டும்" என்றார். "ஆனா அவ்வளவு நேரம் நான் தொடைக்க மாட்டேன்டா."

விழா அன்று பெண்கள் பகுதியிலிருந்து எழுந்த சத்தத்தை எப்படிச் சொல்ல? கைதட்டல் மட்டும் இல்லை, ஒரு கத்தல், வயிற்றிலிருந்து வந்தது. பின்வரிசையில் தாய்மார்கள் சிலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நாடகம் முடிந்து நான் மீசையைப் பிய்த்துக்கொண்டே இறங்கியபோது மேடத்தை எங்கும் காணவில்லை. அவர் வாசலில் நின்று, கடைசிப் பேருந்தைத் தவறவிடப்போகிற பெண்களுக்காக வேன் ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருந்தார். நாடகத்தின் கடைசிக் காட்சியை அவர் பார்க்கவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அய்யா வந்திருந்தார். வெள்ளை வேட்டி கட்டி, பின்னால் ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். மேடத்திடம் போய்க் கும்பிட்டார்.

"எம்மவளுக்கு இம்புட்டுக் கொரல் இருக்குன்னு எனக்குத் தெரியாது டீச்சர்."

"எனக்கும் தெரியாதுங்கய்யா. அவளே கண்டுபுடிச்சுக்கிட்டா."

எல்லோருக்கும் இது பிடித்ததா என்றால் இல்லை. ஆசிரியர்கள் சிலர், மேடம் பிள்ளைகளைத் தூண்டிவிடுகிறார் என்று அவர் காதுபடவே பேசினார்கள். அதன்பின் தேர்வுப் பணி எல்லாம் அவர் தலையிலேயே விழுந்தது. அவர் அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்களாகக் கேட்டபோதும், "அது எங்க ஸ்டாஃப் ரூம் விஷயம், அது உங்க மன்றத்துக்கு வராது" என்று முடித்துவிட்டார். அதில் எனக்கு அப்போது வருத்தம்கூட இருந்தது, எங்களை விலக்குகிறாரே என்று.

இன்று நானும் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வினாடி வினா மன்றத்தை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் ஒரு முடிவை நோக்கித் தட்டுத் தடுமாறிப் போகும்போது, சரியான பதில் என் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதைச் சொல்லாமல் விழுங்குவது எத்தனை கஷ்டம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. பாதி நாள் என்னால் முடிவதில்லை. குறுக்கே விழுந்து, எழுதி, திருத்தி, நானே நடத்திவிடுகிறேன். நிகழ்ச்சி ஒழுங்காக நடக்கும். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த மேடம் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று நாங்கள் நினைத்த நேரமெல்லாம், அவர் எவ்வளவு வேலை பார்த்திருக்கிறார்!

அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ராமேஸ்வரத்தில் கல்லூரிகளுக்கிடையே ஒரு நாடகப் போட்டி நடந்தது. எங்கள் நாடகத்தைக் கொண்டுபோனோம். ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் மேடம் தானே கூப்பிட்டுப் பேசியிருந்தார். போகும்போது பாம்பன் பாலத்தில் பேருந்துக்குள் ஒரே ஆட்டமும் பாட்டும், பரிசுக் கோப்பையை எந்த அலமாரியில் வைப்பது என்பதுவரை பேசி முடித்தாயிற்று. ஒரு பரிசும் கிடைக்கவில்லை. ஆறுதல் பரிசுகூட இல்லை. நடுவர்களில் ஒருவர், "கருத்து நல்ல கருத்து, ஆனால் மேடைக்கு உரிய விஷயமா என்று யோசிக்க வேண்டும்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்.

உப்பூர்ப் பையன் கொதித்துப்போனான். சாயங்காலம் அக்னி தீர்த்தக் கரையில் போய் உட்கார்ந்தோம். ஈரத்துணியோடு யாத்திரிகர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். மாரியூர்ப் பெண் இந்த ஓரத்துக் கடலைப் பார்த்து, "இது என்ன கடலு, குளம் மாதிரி, அலையே இல்லாம" என்று இளக்காரமாகச் சொன்னாள். அலை இல்லாத அந்தக் கடலுக்கே, கடலில்லாத அபிராமத்திலிருந்து வந்த நான் பயந்து கணுக்கால் நனையும் இடத்திலேயே நின்றேன். மேடம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு தண்ணீரில் நின்றார்.

பையன் வெடுக்கென்று திரும்பினான். "மேடம், நீங்க சொல்லுங்க. ஆரம்பத்துல இருந்து பாத்துட்டு இருக்கீங்க. ஒருநாள்கூட எதுவும் சொன்னதில்ல. நம்ம நாடகம் நல்லா இருந்துச்சா, இல்லயா?"

மேடம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"நல்லா இருந்துச்சு. நூலகக் காட்சி மட்டும் ரொம்ப நீளம். மொத ஒத்திகையிலயே எனக்குத் தோணுச்சு."

"மொத ஒத்திகையிலயேவா? அப்பவே சொல்லியிருக்கலாம்ல!"

"நீங்க கேக்கலையே."

மாரியூர்ப் பெண் சிரிக்க ஆரம்பித்தாள், பையன் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் சரிந்தான். மேடமும் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல்முறை. ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் அந்தக் காட்சியை எப்படிச் சுருக்குவது என்று பேருந்தில் சண்டை போட்டுக்கொண்டே வந்தோம். இந்தத் தடவை அவரையும் கேட்டோம். அவரும் சொன்னார். அவர் சொன்னதில் பாதியை நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை.